இன்டர்டென்டல் பிரஷ்: எட்டு மாசம் தினமும் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், எட்டு மாசம் முடிஞ்சதும் எழுதலாம்னு காத்துட்டு இருந்தேன். விஷயம் ஒரு குட்டி பிரஷ். இன்டர்டென்டல் பிரஷ்னு பேரு, பல் டாக்டருங்க ப்ராக்ஸா பிரஷ்னும் சொல்லுவாங்க. பால் பாட்டில் கழுவுற பிரஷ் இருக்குல்ல, அத அப்படியே தீக்குச்சி சைஸுக்கு சுருக்கினா எப்படியிருக்கும், அதேதான். நடுவுல மெல்லிசா ஒரு கம்பி, அத சுத்தி மெத்துன்னு நைலான் முடி, புடிக்க ஒரு சின்ன கைப்பிடி. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கிற சந்துல விட்டு எடுக்கிறதுக்கு. அவ்ளோதான் பொருள். ஆனா எங்க வீட்டுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு சொல்லணும்னா எங்க அப்பாகிட்ட இருந்து ஆரம்பிக்கணும்.

அப்பாவுக்கு 58 வயசுல வாய்ல ஒரு பல்லு கூட கிடையாது. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அவருக்கு ஒரு பல்லு கூட சொத்தை இல்ல. எல்லாம் வெள்ளையா முழுசாதான் இருந்துச்சு, ஒவ்வொண்ணா ஆட ஆரம்பிச்சு, ஆடி ஆடி கையோட வந்துச்சு. ஒரு தடவ சாப்பிடும்போது கீழ் முன்பல்லு சாதத்தோட வந்துருச்சு, தட்டு ஓரமா எடுத்து வெச்சிட்டு ஒண்ணும் பேசாம கை கழுவ போயிட்டார். அதுக்கப்புறம் பல் செட்டு. ராத்திரி அடுப்படி ஜன்னல்ல ஒரு எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி ஊத்தி அதுல போட்டு வெப்பார், அந்த டம்ளர வேற யாரும் எடுக்க மாட்டோம். முறுக்குன்னா உயிர விடுவார், கடைசி வருஷங்கள்ல காப்பியில ஊற வெச்சுதான் சாப்பிட்டார். எங்க வீட்ல எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், "நம்ம வம்சத்துக்கே பல்லு வலு இல்ல". நானும் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன்.

எனக்கு முப்பத்தஞ்சு தாண்டினதுல இருந்து பிரஷ் பண்ணும்போது ரத்தம் வரும். துப்பினா வாஷ்பேசின்ல லேசா ரோஸ் கலர்ல ஓடும். எல்லாருக்கும் வர்றதுதானேன்னு விட்டுட்டேன், ரத்தம் வர்ற இடத்துல பிரஷ்ஷ அழுத்தாம லேசா தொட்டுட்டு விட்டுருவேன், புண்ணு ஆறட்டும்னு. இது எவ்ளோ பெரிய தப்புன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. ரத்தம் வர்றதே அங்க அழுக்கு தங்கி ஈறு வீங்கி இருக்கிறதாலதான், அந்த இடத்த தொடாம விட்டா அழுக்கு இன்னும் சேரும், இன்னும் வீங்கும், இன்னும் ரத்தம் வரும். இடையில ஒரு கிளினிக் போனேன், வாய திறக்க சொல்லி டார்ச் அடிச்சு பாத்துட்டு ஒரு மவுத்வாஷும் வைட்டமின் சி மாத்திரையும் எழுதி குடுத்து அனுப்பிட்டாங்க. ஒரு வாரம் வாய் மணமா இருந்துச்சு, ரத்தம் நிக்கல.

போன வருஷம் வேற ஒரு டாக்டர்கிட்ட போனேன், ஈறுக்குன்னே படிச்சவங்க, பெரியோடான்டிஸ்ட்னு சொல்றாங்க. அவங்க பண்ணின முதல் வேலையே வேற மாதிரி இருந்துச்சு. கோடு கோடா அளவு போட்ட ஒரு மெல்லிசு கம்பிய எடுத்து, ஒவ்வொரு பல்ல சுத்தியும் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல மெதுவா இறக்கி பாத்துகிட்டே நம்பர் சொல்றாங்க, பக்கத்துல ஒரு பொண்ணு எழுதிட்டே வருது. "மூணு, ரெண்டு, மூணு. ரெண்டு, ரெண்டு, மூணு." இப்படியே போகுது, கேக்க கேக்க பழகிடுச்சு, திடீர்னு கடவாய் பக்கம் போனதும் "நாலு, நாலு, அஞ்சு... அஞ்சு, மூணு, ஆறு"ன்னு வருது. அது மில்லிமீட்டர் கணக்காம். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல எல்லாருக்குமே ஒரு சின்ன பள்ளம் இருக்கும், அது 1ல இருந்து 3 மில்லிமீட்டர் வரைக்கும்னா நல்லா இருக்குன்னு அர்த்தம், 4க்கு மேல போனா ஈறு பல்ல விட்டு கழண்டுட்டு வருது, பாக்கெட் விழுந்திருக்குன்னு அர்த்தம். எனக்கு ஆறு. எக்ஸ்ரே எடுத்து காமிச்சாங்க, ரெண்டு கடவாய்ப்பல்லுக்கு நடுவுல எலும்பு கொஞ்சம் கீழ இறங்கியிருக்கு. அந்த எலும்புதான் பல்ல புடிச்சு வெச்சிருக்கிறது. போன எலும்பு பிரஷ் பண்றதால திரும்ப வளராது, மேல போகாம நிறுத்தலாம், அதான் வைத்தியம்னு சொன்னாங்க. அப்பா ஞாபகம் வந்து எனக்கு அங்கயே கண்ணு கலங்கிடுச்சு. அவருக்கு நடந்ததும் இதேதான். பல்லு வலுவா இருந்துச்சு, பல்ல புடிச்சிட்டு இருந்த மண்ணுதான் கரைஞ்சு போச்சு. பழைய காலத்துல இதுக்கு பேரு பயோரியா, அந்த பேர போட்டே பல்பொடி எல்லாம் வித்தாங்க, சின்ன வயசுல பாத்திருப்பீங்க.

வம்சத்துல வர்றதுதானான்னு கேட்டேன். சில பேருக்கு சீக்கிரம் வர்ற உடம்பு வாகு இருக்கும், உண்மைதான், ஆனா அழுக்கு இல்லாம அது வராதுன்னு சொன்னாங்க. ஆர்வத்துல நானே தேடி படிச்சேன். 1965ல டென்மார்க்ல ஹரால்ட் லோன்னு ஒரு டாக்டர் ஒரு பரிசோதனை பண்ணியிருக்கார். ஈறு நல்லா இருந்த பன்னெண்டு பேர பல்லே விளக்காம இருக்க சொன்னாங்க. பத்து நாள்ல இருந்து இருபத்தொரு நாளுக்குள்ள பன்னெண்டு பேருக்குமே ஈறு வீக்கம் வந்துருச்சு, திரும்ப ஒழுங்கா சுத்தம் பண்ண ஆரம்பிச்சதும் ஏறக்குறைய ஒரு வாரத்துல சரியாயிடுச்சு. இத படிச்சப்போ எனக்கு எவ்ளோ தெம்பா இருந்துச்சு தெரியுமா. எலும்பு கரையாத வரைக்கும் ஈறு வீக்கம் முழுசா சரியாகக்கூடிய விஷயம், அதுவும் நம்ம கையிலயே இருக்கு.

சரி பிரஷ்ஷுக்கு வர்றேன். ரெண்டு சிட்டிங்ல ஆழமா கிளீனிங் பண்ணி விட்டாங்க, மரத்துப்போக ஊசி போட்டுதான் பண்ணினாங்க, வலி பெருசா இல்ல. ஸ்கேலிங், அதாவது இந்த கிளீனிங், பண்ணா பல்லு தேஞ்சிடும், பல்லு ஆட ஆரம்பிச்சிடும், சந்து விழும்னு சொல்றாங்கல்ல, எங்க அத்தையும் அததான் சொன்னாங்க, பண்ணாதன்னு. கிளீனிங் முடிஞ்சு நாலஞ்சு நாள்ல நாக்கால தடவி பாத்தா நிஜமாவே சந்து விழுந்த மாதிரிதான் இருந்துச்சு, ஜில்லுன்னு தண்ணி குடிச்சா கூசுச்சு, கொஞ்சம் பயந்துட்டேன். டாக்டர் கண்ணாடிய கையில குடுத்து விளக்கினாங்க. அந்த சந்து ஏற்கனவே இருந்ததுதான், கல்லு மாதிரி காரை படிஞ்சு அடைச்சிட்டு இருந்துச்சு, வீங்கின ஈறு மிச்சத்த மூடியிருந்துச்சு. இப்போ காரையும் போச்சு வீக்கமும் வத்திடுச்சு, உள்ளத உள்ளபடி காட்டுது. கூச்சம் சில வாரத்துல தானா அடங்கிடுச்சு. அப்புறம்தான் மேஜை டிராயர்ல இருந்து இந்த குட்டி பிரஷ்ஷ எடுத்து, "இந்த சந்துக்கு உங்க டூத்பிரஷ் எந்த காலத்துலயும் போகாது, இது போகும்"னு சொல்லி என் வாய்லயே விட்டு காமிச்சாங்க.

முதல் நாள் ராத்திரி வீட்ல நானே போட்டேன். நல்லா ரெண்டு நிமிஷம் பல்லு விளக்கி முடிச்ச பிறகுதான் போட்டேன், வேணும்னே, எவ்ளோ மிச்சம் இருக்குன்னு பாக்க. கீழ் கடவாய்ல முதல் சந்துல விட்டு எடுத்தா, வெள்ளை முடி மேல பழுப்பும் மஞ்சளுமா பிசுபிசுன்னு ஒண்ணு ஒட்டிட்டு வருது, கூடவே ரத்தம். மூக்குகிட்ட கொண்டு போனேன், அழுகின வாடை. இத்தன வருஷம் காலையில பேஸ்ட் போட்டு விளக்கிட்டு ஆபீஸ் போன வாய்க்குள்ள இதான் இருந்திருக்கு. மூணு நாள் ரத்தம் வந்துச்சு, அஞ்சாம் நாள் குறைஞ்சுது, ரெண்டு வாரத்துல ஒரே ஒரு இடத்துல மட்டும் லேசா, ஒரு மாசத்துல அதுவும் நின்னுடுச்சு. வாடை நாலாம் நாளே போயிடுச்சு. ஈறு கலர் மாறினது எனக்கே நல்லா தெரிஞ்சுது, முன்ன செக்கச்செவேல்னு பளபளன்னு உப்பலா இருக்கும், இப்போ வெளிறின ரோஸ், பல்ல ஒட்டி கூர்மையா இறங்கி நிக்குது.

மூணு மாசம் கழிச்சு திரும்ப அந்த கம்பிய வெச்சு அளந்தாங்க. இந்த தடவ நான் ஒவ்வொரு நம்பரையும் மனசுக்குள்ள எண்ணிட்டே படுத்திருந்தேன். ஆறு இருந்த இடம் நாலு. அஞ்சு எல்லாம் மூணு. மத்த இடமெல்லாம் ரெண்டு, ரெண்டு, மூணு. கிளீனிங் பாதி, நீங்க வீட்ல பண்ணினது பாதின்னு டாக்டர் சொன்னாங்க, அத கேட்டுட்டு வெளிய வந்து அம்மாவுக்குத்தான் முதல்ல போன் போட்டேன்.

வாங்கும்போது எல்லாரும் தடுமாறுற இடம் சைஸ். நானும் முதல்ல ஆன்லைன்ல ஏதோ ஒண்ண ஆர்டர் பண்ணி, அது உள்ளயே போகாம கம்பி வளைஞ்சு, ஒரு பாக்கெட்டே வீணா போச்சு. கலர வெச்சு வாங்காதீங்க, ஒரு கம்பெனில ரோஸ் கலருக்கு இருக்கிற சைஸ் இன்னொரு கம்பெனில வேற கலர்ல இருக்கும். பாக்கெட்ல மில்லிமீட்டர் போட்டிருக்கும், அதுலயும் சில பேர் நடுக்கம்பியோட தடிமன போடுறாங்க, சில பேர் எவ்ளோ சின்ன ஓட்டைல போகும்னு போடுறாங்க, அதனால கம்பெனி மாத்தினா திரும்ப சைஸ் பாக்கணும். பொருந்துற சைஸுன்னா எப்படின்னா, உள்ள விடும்போது முடி ரெண்டு பக்கமும் பல்ல உரசிட்டு லேசா இறுக்கமா போகணும், கம்பி பல்லுல இடிக்க கூடாது, தள்ளி திணிக்கவும் கூடாது. தொளதொளன்னு போனா சுத்தமாகாது, பெரிய சைஸ் எடுக்கணும். ஒரே வாய்க்கு ஒரே சைஸ் பத்தாது. எனக்கு முன்பக்கம் 0.4, கடவாய்க்கு 0.6. மேல் முன்பல்லு ரெண்டு மூணு சந்துல எதுவுமே போகல, அங்க நூல்தான், ஃப்ளாஸ். முதல் தடவ மட்டும் டாக்டர்கிட்டயே சைஸ் பாத்து வாங்கிட்டா இந்த அலைச்சல் மிச்சம்.

போடுற விதமும் சொல்லிடுறேன். கண்ணாடி முன்னாடி நின்னு, பிரஷ்ஷ தண்ணில நனைச்சு, ஈற ஒட்டி நேரா விடணும், கோணலா குத்தினா ஈறுல படும். உள்ள போனதும் முன்ன பின்ன நாலஞ்சு தடவ. உள்ள வெச்சு திருக கூடாது, கம்பி முறுக்கிட்டு ஒடிஞ்சிடும். பேஸ்ட் தடவ வேணாம், பேஸ்ட்ல இருக்கிற உரசுற பொருள் அந்த இடத்துல வேர தேய்க்கும். கடவாய்க்கு வாய ஆன்னு திறந்தா கன்னம் இழுத்துட்டு கை போகாது, பாதி மூடி வெச்சா சுலபமா போகும், இத கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு. கம்பிய விரலால லேசா வளைச்சும் விடலாம். ஒவ்வொரு சந்துக்கும் நடுவுல தண்ணில அலசிட்டு அடுத்ததுக்கு போறேன். முதல் வாரம் பத்து நிமிஷம் ஆச்சு, இப்போ மூணு நிமிஷம் கூட ஆகறதில்ல. ஒரு நாளைக்கு ஒரு தடவ போதும். பல்லு மேல படியிற அந்த மெல்லிசு படலம் கெட்டியாகி காரையா மாற ஒண்ணு ரெண்டு நாள் எடுக்கும், அதுக்கு முன்னாடி கலைச்சு விட்டுட்டா முடிஞ்சுது, காரையா ஆன பிறகு எந்த பிரஷ்ஷாலயும் எடுக்க முடியாது, டாக்டர் மெஷின்தான். கீழ் முன்பல்லோட உள்பக்கமும் மேல் கடவாயோட கன்னப்பக்கமும் இந்த காரை சீக்கிரமா படியும், எச்சில் சுரந்து வர்ற வாய் அங்கதான் இருக்கு, எச்சில்ல இருக்கிற கால்சியம் அங்க போய் படியுது. அந்த ரெண்டு இடத்துக்கும் நான் இப்போ கொஞ்சம் கூட நேரம் குடுக்கிறேன்.

குறையும் இருக்கு. முதல் குறை விலை. அஞ்சாறு பிரஷ் இருக்கிற ஒரு பாக்கெட், ரெண்டு சைஸ் வேணும்னா ரெண்டு பாக்கெட். ஒரு பிரஷ் எனக்கு பத்து நாள், பன்னெண்டு நாள் வருது, முடி சாஞ்சுட்டாலோ கம்பி நெளிஞ்சுட்டாலோ தூக்கி போட்டுடணும், ஒடிஞ்சு உள்ள மாட்டிக்க கூடாதுல்ல. நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு மாசா மாசம் இது ஒரு செலவுதான், நான் மறுக்கல. ஆனா ஒரு பல்லு போனா அத கட்டுறதுக்கு ஆகுற செலவு என்னன்னு விசாரிச்சு பாருங்க. ரெண்டாவது, ரொம்ப சின்ன சைஸ் கம்பி சட்டுனு வளைஞ்சிடுது. ரெண்டு மூணு கம்பெனி மாத்தி பாத்துட்டேன், எல்லாத்துலயும் இந்த பிரச்சனை கொஞ்சம் இருக்கு, அதனாலதான் பிராண்ட் பேர் போடல. வாங்கும்போது கம்பிக்கு மேல பிளாஸ்டிக் பூச்சு இருக்கான்னு மட்டும் பாருங்க, வெறும் கம்பின்னா கூசுற பல்லுல பட்டா உயிர் போகும். மூணாவது, பல்லுக்கு நடுவுல சந்தே இல்லாத இளவயசு பசங்களுக்கு இது தேவையே இல்ல, திணிச்சா ஈறுதான் புண்ணாகும், அவங்களுக்கு ஃப்ளாஸ் போதும்.

ஃப்ளாஸே போதாதான்னு கேப்பீங்க. நெருக்கமான பல்லுக்கு அதுதான் சரி. ஈறு இறங்கி சந்து தெரியிறவங்களுக்கு நூல் பத்தாது, ஏன்னா கடவாய்ப்பல்லோட பக்கவாட்டுல வேருக்கு மேல உள்வாங்கின மாதிரி ஒரு குழிவு இருக்கும், நூல் இழுத்து புடிச்சா குழிவ தொடாம மேட்டுல மட்டும் தேய்ச்சிட்டு வரும், பிரஷ் முடி குழிக்குள்ளயும் போகும். 2019ல காக்ரேன்னு சொல்ற அமைப்பு நடந்த ஆய்வுகள எல்லாம் சேத்து பாத்துச்சு, பிரஷ்ஷோட சேத்து இத போடுறவங்களுக்கு ஈறு வீக்கம் குறையலாம், ஃப்ளாஸ விட இது இன்னும் நல்லாவும் இருக்கலாம்னு சொல்லியிருக்காங்க, ஆனா ஆதாரம் அவ்ளோ வலுவா இல்லன்னும் அவங்களே சொல்றாங்க. என்னோட ஆதாரம் அந்த ஆறு நாலா ஆனதுதான்.

வாட்டர் ஃப்ளாஸர் ஒண்ணு ஆன்லைன்ல வாங்கினேன், ரெண்டாயிரத்துக்கு மேல. தண்ணிய பீச்சி அடிக்கும், சாப்பாட்டு துணுக்கு எல்லாம் வந்துரும், வாய் ஃப்ரெஷ்ஷா இருக்கும். கிளிப் போட்டிருக்கிறவங்களுக்கும் பிரிட்ஜ் கட்டியிருக்கிறவங்களுக்கும் ரொம்ப உதவியா இருக்கும்னு டாக்டர் சொன்னாங்க. எனக்கு அத போட்ட பிறகு பிரஷ் விட்டு பாத்தா அந்த பிசுபிசுப்பு இன்னும் ஒட்டிட்டுதான் வந்துச்சு. எண்ணெய் பிசுக்கு புடிச்ச பாத்திரத்த தண்ணி மட்டும் அடிச்சு கழுவ முடியுமா, தேய்க்கணும்ல, அந்த மாதிரி. ஆறாவது மாசம் அதோட பேட்டரியும் போச்சு, கஸ்டமர் கேர் போன் எடுக்கல. திரும்ப வாங்க மாட்டேன்.

ஊக்கு, ஈர்க்குச்சி, தீக்குச்சி இதெல்லாம் வெச்சு குத்துறத தயவு செஞ்சு விட்டுருங்க. எங்க அப்பா சட்டை பட்டன் கிட்ட எப்பவும் ஒரு ஊக்கு குத்தியிருப்பார், கறி சாப்பிட்டா அதுதான். அது துணுக்க மட்டும்தான் எடுக்கும், ஈற கிழிக்கும்.

இந்த குட்டி பிரஷ் மட்டும் வாங்கிட்டு மத்தத எல்லாம் பழையபடி விட்டா பிரயோஜனம் இல்ல, அதனால கூட நான் மாத்தினதையும் சொல்றேன். முதல்ல ராத்திரி. நம்ம ஊர்ல காலையில காப்பிக்கு முன்னாடி விளக்கினா சரி, ராத்திரி சாப்பிட்டு வாய் கொப்பளிச்சிட்டு படுத்துருவோம். தூங்கும்போது எச்சில் சுரக்கிறது ரொம்ப குறைஞ்சிடும், வாய கழுவி விடுற வேலைய பாக்குறதே எச்சில்தான், அது இல்லாத ஏழெட்டு மணி நேரம் வாய்ல அழுக்க வெச்சு பூட்டின மாதிரி. ஒரு வேளைதான் உங்களால ஒழுங்கா முடியும்னா ராத்திரிய விடாதீங்க. ரெண்டாவது, சாஃப்ட் பிரஷ். ஹார்ட் வெச்சு அழுத்தி தேய்ச்சாதான் பளிச்சுன்னு ஆகும்னு நெனச்சிட்டு இருந்தேன், எங்க தாத்தா உமிக்கரி வெச்சு தேய்ச்சு தேய்ச்சு ஈறு ஓரத்துல ஒவ்வொரு பல்லுலயும் அரிவாள்ல வெட்டின மாதிரி பள்ளம் விழுந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. பிரஷ்ஷ ஈறும் பல்லும் சேர்ற கோட்டுல 45 டிகிரி சாய்ச்சு வெச்சு, அங்கயே சின்னதா அதிர்ற மாதிரி அசைச்சு, அப்புறம் பல்ல நோக்கி உருட்டி இறக்கணும். பேனா புடிக்கிற மாதிரி புடிச்சா அழுத்தமே வராது, செஞ்சு பாருங்க.

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதின்னு சொல்லி வெச்சிருக்காங்க, எங்க ஆத்தா வேப்பங்குச்சியிலதான் விளக்குவாங்க. குச்சிய மென்னு மென்னு தும்பாக்கி, ஒவ்வொரு பல்லா நின்னு நிதானமா, வாசல்ல உக்காந்து கால் மணி நேரம் விளக்குவாங்க. அந்த நிதானம்தான் நமக்கு இல்ல, நாப்பது செகண்ட்ல முடிச்சிட்டு ஓடுறோம். பேஸ்ட் எதுவா இருந்தாலும் ஃப்ளோரைடு இருக்கான்னு பாக்கெட்ட திருப்பி பாருங்க. நம்ம நாட்டு சட்டப்படி 1000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்குல ஆயிரம் பங்கு வரைக்கும் போடலாம், பின்னாடி பொடி எழுத்துல போட்டிருக்கும். மூலிகை பேஸ்ட் நிறையத்துல அது இருக்காது, சொத்தைய தடுக்கிறதே அதுதான். விளக்கி துப்பிட்டு தண்ணி வெச்சு கொளகொளன்னு கொப்பளிக்காதீங்க, வெறுமனே துப்பிட்டு விட்டா அந்த ஃப்ளோரைடு பல்லுல தங்கும். முதல் ரெண்டு நாள் ஒரு மாதிரி இருக்கும், அப்புறம் பழகிடும். எலுமிச்சம்பழமும் உப்பும் வெச்சு தேய்ச்சா வெளுக்கும்னு வீடியோ போடுறாங்க, அது எனாமல கரைக்கிற வேலை, கிட்ட போகாதீங்க. மவுத்வாஷ் டாக்டர் எழுதி குடுத்தா குடுத்த நாளுக்கு மட்டும்.

வீட்ல சுகர் இருக்கிறவங்க இத கண்டிப்பா படிங்க. எங்க அம்மாவுக்கு பதினஞ்சு வருஷமா சுகர். சுகர் கட்டுக்குள்ள இல்லன்னா ஈறு சீக்கிரம் கெடும், ஈறு கெட்டு உள்ள வீக்கம் இருந்துட்டே இருந்தா சுகர் கட்டுப்படாது, ரெண்டும் ஒண்ண ஒண்ணு இழுத்து விடும். ஈறுக்கு வைத்தியம் பண்ணினா மூணு மாச சராசரி சுகர், அந்த ஹெச்பிஏ1சி, கொஞ்சம் இறங்குதுன்னு ஆய்வுகள்ல பாத்திருக்காங்க. அம்மாவ கூட்டிட்டு போனேன், வரமாட்டேன்னு ஒரே அடம், "எனக்கு எதுக்குடி இந்த வயசுல, இருக்கிறவரைக்கும் இருக்கட்டும்". அப்பா டம்ளர ஞாபகப்படுத்தினேன், வந்தாங்க. இருபத்திரண்டு பல்லு மிச்சம் இருக்கு, அதுல ரெண்டு ஆடுது, மத்தத காப்பாத்தலாம்னு சொன்னாங்க. கண்ணு சரியா தெரியாததால முதல்ல நான்தான் போட்டு விட்டேன், அம்மா வாய திறந்துட்டு சின்ன புள்ள மாதிரி உக்காந்திருப்பாங்க, இப்போ கைப்பிடி நீளமா வர்ற மாடல் வாங்கி குடுத்திருக்கேன், நாக்கால தடவி சந்து எங்கன்னு பாத்து தானே போட்டுக்கறாங்க. சிகரெட் புடிக்கிறவங்க, புகையிலை போடுறவங்க வீட்ல இருந்தா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, அவங்களுக்கு ஈறு கெட்டாலும் ரத்தம் அவ்ளோவா வெளிய வராது, அதனால ரத்தம் வரலையேன்னு நம்பி இருக்க முடியாது. மாசமா இருக்கிற பொண்ணுங்களுக்கு ஈறு சாதாரணமா இருக்கிறத விட சீக்கிரம் வீங்கும், என் தங்கச்சி அத பாத்துட்டு பயந்து விளக்குறதையே குறைச்சிட்டா, அப்பதான் இன்னும் நல்லா விளக்கணும்னு சொல்லி புரிய வெச்சேன்.

பிரஷ் போட ஆரம்பிச்சு ரெண்டு மூணு வாரம் ஆகியும் ரத்தம் நிக்கலன்னாலோ, பல்லு ஆடினாலோ, ஈற அமுக்கினா சீழ் வந்தாலோ, வீட்லயே பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. காசு இல்லன்னு தள்ளி போடுறவங்க அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு போங்க, சென்னைல இருக்கு, சிதம்பரத்துல இருக்கு, இப்போ புதுக்கோட்டையிலயும் இருக்கு. நேரம் ஆகும், ஒரு நாள் லீவு போட வேண்டி வரும், ஆனா ஈறுக்குன்னு தனி டிபார்ட்மெண்டே உண்டு.

எங்க தெரு முனை மெடிக்கல்ல முதல் தடவ போய் கேட்டப்போ அண்ணனுக்கு என்னன்னே தெரியல, டூத்பிக் டப்பாவ எடுத்து நீட்டினார். காலி பிரஷ்ஷ கொண்டு போய் காமிச்சு, மில்லிமீட்டர எழுதி குடுத்து, மொத்த கடைல சொல்லி வர வெச்சார். இப்போ 0.4, 0.5, 0.6 மூணும் கல்லாவுக்கு பின்னாடி தொங்குது. போன வாரம் போனப்போ 0.5 தீந்து போச்சு, நான் இல்லாம வேற யாரோ ரெண்டு பேர் வாங்கிட்டு போனாங்களாம்.